கரிக்கோடுகளும் ஊசித்துளைகளும்

களக்காடு
1911 ஜனவரி 9

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காள் சாரம்மாள் அவர்களுக்குத் தங்கை சாலோமியின் அன்பான வந்தனம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தானுடைய இருமலும் எப்படியிருக்கிறதென்று எழுதவும்.

சுகம் என்று எழுதிவிட்டேன். கடுதாசியை அப்படித்தானே தொடங்கவேண்டும்! உண்மையில் என் வயிறு எரிகிறது அக்கா.

என் ஓரகத்தி எலிசபெத்துக்கு மூன்றாவதும் ஆண்பிள்ளை பிறந்த செய்தி உங்களுக்கு வந்திருக்கும். புது வருஷ ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது, என் மாமியார் அந்தப் பச்சைப்பிள்ளையை எலிசபெத்தின் கையிலிருந்து வாங்கி என் கையில் வைத்தார்கள். வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "வச்சிக்கோட்டி. வார கிறிஸ்மஸுக்குள்ள ஒனக்கு ஒண்ணும் இல்லன்னா இவன் ஒம்பிள்ளதான். சபை ஐயர்ட்ட சொல்லி எழுதி முடிச்சிருவோம்" என்றார்கள்.

எலிசபெத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. பெற்றவளையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. பிள்ளை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் தத்து எழுதுகிற கடுதாசியில் நான் கையெழுத்துப் போட்டால், நான் மலடி என்று சபைக்கு நானே எழுதிக் கொடுத்ததாகத்தானே ஆகும்?

கல்யாணமாகி நாலு வருஷம். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட மாதத்தில் பாதி நாள் வண்டியிலேயே திரிகிறார்கள். அதை ஒருவரும் பேசுவதில்லை. என் வயிற்றை மட்டும் பேசுகிறார்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக நர்ஸாக இருக்கிறீர்கள். வெள்ளைக்கார டாக்டர் மிசியம்மாளிடம் கேட்டு, எந்த நாள் நல்ல நாள், எந்த நாள் வீண் நாள் என்று எனக்கு எழுதுங்கள். அம்மா இருந்தால் அம்மாவிடம் கேட்பேன். என்னை வளர்த்தது நீங்கள், உங்களைத்தான் கேட்பேன்.

இப்படிக்கு
உங்கள் அன்புத் தங்கை
சாலோமி


ஞானாபரணபுரம்
1911 ஜனவரி 20

அன்பான தங்கை சாலோமிக்கு அக்காள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. அத்தான் மிஷன் புஸ்தகம் விற்கிற வண்டியோடு சேரன்மகாதேவிப் பக்கம் போயிருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வடிந்துவிட்டது, வண்டி கடந்துவிடும்.

முதலில் அழுகையை நிறுத்து. உன் மாமியார் பேசினது தப்பு. அதற்காக நீ காய்ந்துபோனால் லாபம் யாருக்கு? கவலை கர்ப்பத்துக்குச் சத்துரு என்று மிசியம்மாள் அடிக்கடி சொல்வார்கள்.

கணக்கு இதுதான். சீமைப் புஸ்தகத்திலிருந்து மிசியம்மாள் சொல்ல, நானே தமிழில் எழுதினது. வார்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறோம். நீ விலக்காகிற முதல் நாளை ஒன்று என்று வை. முழுகின ஐந்தாம் நாள்முதல் பதினோராம் நாள்வரைக்கும் நல்ல நாள். பன்னிரண்டாம் நாள்முதல் கர்ப்பப்பை மூடிக்கொள்ளும். அதற்குமேல் இருபத்திரண்டு வரைக்கும் வீண் நாள். பலன் எதிர்பார்க்கவே வேண்டாம்.

ஆகையால் மாப்பிள்ளையின் சுற்றுப்பயணத்தை அந்த வீண் நாள்களில் வைத்துக்கொள்ளச் சொல். அவர்கள் திரும்பி வரும்போது நீ மறுபடி முழுகுகிற காலமாயிருக்கும். எங்கள் வீட்டிலும் புஸ்தக வண்டி அப்படித்தான் புறப்படும், அப்படித்தான் வந்து சேரும்.

நாளைக் குறித்துவை, குறித்ததை மறந்துவிடு. கவலைப்படாதே. பால் குடி. நன்றாகத் தூங்கு. மறுபடியும் சொல்கிறேன், கவலைப்படாதே.

இப்படிக்கு
அக்காள்
சாரம்மாள்


களக்காடு
1911 பெப்ருவரி 2

அக்காள் அவர்களுக்கு வந்தனம். சுகம். சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் கடுதாசியை நான் படிப்பதற்கு முன்னால் ஊரே கேட்டுவிட்டது!

தபால்காரன் கொண்டுவந்த நேரம் நான் வாய்க்காலுக்குப் போயிருந்தேன். மாமியார் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில். ஜெபம் நடத்த வந்த தேவசிகாமணி உபதேசியாரிடம் நீட்டி, "நர்ஸம்மா எழுதிருக்கா, எல்லாருக்கும் பிரயோசனமா இருக்கும், சத்தமாப் படிங்க" என்றிருக்கிறார்கள்.

நான் குடத்தோடு உள்ளே நுழைகிறேன். பதினைந்து பெண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உபதேசியார் வேர்த்து வடிந்து, "முழுகின... ஐந்தாம் நாள்முதல்..." என்று வாசித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் இருமல் வந்து நிறுத்தினார். என் மாமியார் விடவில்லை. "நிறுத்தாதிய ஐயா, எந்த நாளு வரைக்கும்னு படிங்க." மனுஷன் அதையும் படித்தார் அக்கா! படித்துவிட்டு ஆமென் என்று சொன்னார்.

நான் குடத்தைக் கீழே போட்டேன். செம்புக்குடம். ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. அதற்கும் ஏச்சு.

இப்போது அடுப்படியில் நெற்குதிருக்குப் பின்னாலே, சுவரில், மாமியார் கரியால் கோடு போட்டு வருகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு கோடு. ஐந்துமுதல் பதினொன்று வரைக்கும் பெரிய கோடு. எந்தக் கோட்டில் நான் இருக்கிறேன் என்று வேலைக்கு வருகிற இசக்கிக்குக்கூடத் தெரியும். நேற்று காலையில் என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மாமியார் வாசலிலிருந்து, "ஏலே, இன்னிக்கு ஏழு. சாயங்காலம் எங்கயும் சுத்தப் போவாத" என்று சத்தம் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். இவர்கள் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே போனார்கள்.

இனிமேல் எனக்குத் தபாலில் எழுதாதீர்கள். மாதம் ஒருமுறை சேலைமூட்டையோடு உங்கள் பக்கம் வருகிற ஜமீலா பீவியிடம் கொடுத்து அனுப்புங்கள். அந்த அம்மாள் மூட்டையை யாரும் அவிழ்க்கமாட்டார்கள்.

கவலைப்படாதே என்று ஒரே கடுதாசியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? அதையும் உபதேசியார் வாசித்தார். அத்தனை தடவை கேட்டால் கல்லுக்கும் கவலை வந்துவிடும்.

தங்கை
சாலோமி


ஞானாபரணபுரம்
1911 பெப்ருவரி 26

தங்கை சாலோமிக்கு அக்காள் ஆசீர்வாதம். ஜமீலா பீவியிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

ஆமென் சொன்ன இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள். பிறகு உன் முகத்தை நினைத்தேன், சிரிப்புப் போய்விட்டது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கரிக்கோடு உன் மாமியார் போட்டாலும் கணக்குச் சரியான கணக்கு. அவமானத்தை விழுங்கிக்கொண்டு அதன்படி நட. ஆறு மாதம் பொறு. பலன் வரும்போது அதே வாய்கள் உன்னை வாழ்த்தும்.

உனக்கும் பிள்ளை இல்லாமற்போனால் அம்மாவின் வழியில் பேர் சொல்ல ஒருவரும் இல்லை. எனக்குக் கர்த்தர் வேறு வேலை கொடுத்தார். ஆயிரத்துக்குமேல் பிள்ளைகளை இந்தக் கையால் வாங்கியிருக்கிறேன். எனக்கு அது போதும்.

அக்காள்
சாரம்மாள்


களக்காடு
1911 மே 30

அக்காள் அவர்களுக்கு வந்தனம். வெயில் சொல்லி முடியாது. வாழை எல்லாம் காற்றில் சாய்ந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதுதான் சங்கடம்.

நாலு மாதம் ஆயிற்று. பெரிய கோட்டு நாள்களில் என் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் விடிந்தால் வண்டி கட்டியாகிறது. முன்னெல்லாம் சுற்றுப்பயணம் முன்னேபின்னே இருக்கும். இப்போது மணி அடித்தமாதிரி நடக்கிறது. ஒவ்வொரு முறை நான் விலக்காகும்போதும் மாமியார் குதிருக்குப் பின்னாலே போய் ஈரத்துணியால் கோடுகளை அழித்துவிட்டு முதல் கோட்டைப் போடுவார்கள். அந்தக் கரி சுவரில் உரசுகிற சத்தம் எனக்கு எங்கே இருந்தாலும் கேட்கிறது.

என் வீட்டுக்காரரும் மாறிவிட்டார்கள். ஏழாம் நாள், எட்டாம் நாள் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் பேச்சே இல்லை. முன்னே வள்ளியூர்ச் சந்தையில் பார்த்த வேடிக்கையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பார்கள். அந்த மனுஷரை எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். நானும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நீங்கள் என் கல்யாணத்துக்குக் கொடுத்த வேதாகமத்தில், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் "பிறப்பு" என்று அச்சடித்து ஒரு தாள் காலியாக இருக்கிறதல்லவா? அதில் ஊசியால் துளை போட்டு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு துளை, உடம்பில் மாற்றம் கண்டால் இரண்டு. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். ஒருவராலும் வாசிக்க முடியாது.

நாலு மாதமும் ஒரேமாதிரி இருக்கிறது. பதினான்கு, பதினைந்து, பதினாறு, அந்த நாள்களில் எனக்கு ஈரம் காண்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, விரலில் எடுத்தால் நூலாக இழுக்கிறது. ஒரு மாதம் வலப்பக்கம், ஒரு மாதம் இடப்பக்கம், அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. ஒரு நாள்தான், போய்விடும். அப்புறம் நூலும் நின்றுபோகிறது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, அந்த நாள்களில்தான் அவர்கள் வீட்டில் இல்லையே என்று எனக்கு ஏங்குகிறது. உங்கள் பெரிய கோட்டு நாள்களில் அந்த ஏக்கமும் இல்லை, ஈரமும் இல்லை. வறண்டு கிடக்கிறேன்.

ஒருவேளை அதுதான் நாளோ? மிசியம்மாளிடம் கேட்டு எழுதுங்கள்.

தங்கை
சாலோமி


ஞானாபரணபுரம்
1911 ஜூலை 3

தங்கை சாலோமிக்கு ஆசீர்வாதம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. வார்டில் பேறுகாலம் அதிகம், உட்கார நேரமில்லை. ஆகையால் தாமதம்.

மிசியம்மாளிடம் உன் கடுதாசியைச் சொன்னேன். அது வெள்ளைப்படுகிற நோய் என்றார்கள். வலி வாயு. இத்துடன் ஒரு மருந்துச் சீசா அனுப்புகிறேன், காலையும் மாலையும் சாப்பிடு. பதினான்கு, பதினைந்து எல்லாம் கர்ப்பப்பை மூடியிருக்கிற நாள். புஸ்தகத்தில் தெளிவாக இருக்கிறது. ஜெர்மனி தேசத்து வைத்தியர்கள் கண்டுபிடித்து எழுதினது.

ஏழாம் வகுப்புப் படித்த நீ ஊசியால் குத்தினதை வைத்துக்கொண்டு அவர்களைத் திருத்தப்போகிறாயோ? உடம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாத வியாதியெல்லாம் தோன்றும். ஊசியைத் தையலுக்கு எடுத்து வை. கணக்கை விடாதே.

அக்காள்
சாரம்மாள்


களக்காடு
1911 செப்டம்பர் 13

அக்காளுக்கு.

வந்தனம் சொல்ல எனக்கு மனமில்லை. நலமும் கேட்கவில்லை.

நீ அனுப்பின மருந்தைக் கொல்லையில் கொட்டினேன். நோய் என்றாயே! என் உடம்பை இந்த ஊரில் எல்லாரும் பார்த்தாயிற்று, பேசினாயிற்று, சுவரில் எழுதியாயிற்று. நான் பார்த்தால் மட்டும் அது நோயா? மாமியார் எண்ணலாம், உபதேசியார் வாசிக்கலாம், ஜெர்மனிக்காரன் எழுதலாம். எனக்கு எங்கே வலிக்கிறது என்று நான் சொன்னால் ஏழாம் வகுப்பு!

அம்மா செத்த பிறகு என் தலையைச் சீவி விட்டவள் நீ. நீயே என்னை நம்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை பதினோராம் கோடு. நாளைக்கு என் வீட்டுக்காரர் வள்ளியூர்ப் பக்கம் புறப்பட வேண்டும். மாமியார் கரிக்கட்டையை எடுத்துக்கொண்டு குதிருக்குப் பின்னால் போனார்கள். நான் சாணிச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் முழுவதையும் மெழுகிவிட்டேன். ஒரு கோடு மிச்சமில்லை.

"ஏட்டி, ஒனக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு?"

"ஆமா, பேய்தான். இனும இந்தச் செவத்துல யாராவது கரியத் தொட்டா அந்தக் கைய முறிச்சிருவேன்."

"யாருகிட்ட பேசுத? என்கிட்டயா?"

"ஒங்ககிட்டதான். நான் கெடந்து வெந்துக்கிட்டிருக்கேன், நீங்க கோடு போட்டு வெளையாடுதிய."

அக்கா, நான் வாழ்க்கையில் இப்படிப் பேசினதில்லை. எலிசபெத் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "இவனையும் யாருக்கும் எழுதிக் குடுக்க மாட்டேன் அத்தை" என்றாள். அந்த ஊமைக்கு எங்கிருந்து வாய் வந்ததோ!

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார்கள். நான் விடவில்லை. "நாளைக்கு வண்டியில நானும் வருதேன். கூட்டிட்டுப் போனாச் சரி. இல்லன்னா நடந்து வருவேன்" என்றேன். தாய் முகத்தைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள். என் கையெல்லாம் சாணி. "பள்ளிக்கூடத்துலதான் தங்கணும். பாய் ஒண்ணுதான் இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான்.

உன் கணக்கு எழுதின கடுதாசியை அடுப்பில் வைத்துவிட்டேன். நான் பிள்ளைக்காகப் போகவில்லை. அந்தச் சுவர் கண்ணில் படாத இடத்துக்குப் போகிறேன்.

சாலோமி


ஞானாபரணபுரம்
1911 செப்டம்பர் 25

தங்கைக்கு ஆசீர்வாதம். உன் கடுதாசி கண்டேன். மாமியாரை அப்படிப் பேசினது சரியல்ல. வீண் நாளில் ஊர் சுற்றி அலுத்துவிட்டு, நல்ல நாள் வரும்போது சோர்ந்து கிடக்கப்போகிறாய். நீ என்னை நீ என்று எழுதியிருக்கிறாய், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்காள்


களக்காடு
1911 நவம்பர் 24

அக்காள் அவர்களுக்கு வந்தனம். மழை விடாமல் அடிக்கிறது. ஜமீலா பீவி ஆறு வடிகிறவரைக்கும் இங்கேயே தங்கியிருக்கிறாள், ஆகையால் இந்தக் கடுதாசி எப்போது கிடைக்குமோ தெரியவில்லை. சுகமாயிருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே.

முழுகாமல் இருக்கிறேன் அக்கா. இரண்டு மாதம் தாண்டிவிட்டது. காலையில் எழுந்தால் குடலைப் புரட்டுகிறது. மருத்துவச்சி பார்த்துச் சொல்லிவிட்டாள். ஜமீலா பீவி என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "அல்லா கண்ணத் தொறந்துட்டான், பிள்ள! எனக்கு ஆறு பெத்த கண்ணு, தப்பாது" என்றாள்.

இப்போது கேளுங்கள். நான் ஊசியைத் தையலுக்கு எடுத்து வைக்கவில்லை. செப்டம்பர் மூன்றாம் தேதி விலக்கானேன். வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் தங்கினது என் கணக்கில் பதினைந்தாம் நாளும் பதினாறாம் நாளும். வழியெல்லாம் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனோம். சந்தையில் எனக்குப் பனங்கிழங்கு மாதிரி நீளமாக இருந்த ஒரு மூக்குப்பொடிக்காரரைக் காட்டினார்கள், நான் வண்டியில் விழுந்து விழுந்து சிரித்தேன். பதினாறாம் நாள் காலையில் நூல் கண்டது, இடப்பக்கம் வலித்தது. அதற்கப்புறம் அவர்கள் வீட்டுக்கு வந்தும் பத்து நாள் ஜுரத்தில் தனியே படுத்திருந்தார்கள். அந்த மாதம் பெரிய கோட்டு நாள்களிலும் நாங்கள் தனித்தனியாகத்தான் படுத்தோம், மாமியாருக்குத் தெரியாது. ஆகையால் வேறு நாள் என்று சொல்ல இடமே இல்லை. மூடியிருக்கிறது, மூடியிருக்கிறது என்றீர்களே, அந்த நாள்!

மகிழ்ச்சியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. உங்கள் கணக்கு வருவதற்கு முன்னே தப்பித்தவறியாவது அந்த நாள்களில் அவர்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். கணக்கு வந்தது, அந்த வழியும் அடைபட்டது. பயிர் காய்கிற நாளில் மடையை அடைத்துவிட்டு மற்ற நாளெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தோம்.

இதை மிசியம்மாள் முன்னால் வைத்துப் படியுங்கள். அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பெண்கள் அதை நம்பி ஊருக்குப் போயிருப்பார்கள்? எத்தனை பேர் புருஷனைச் சரியாக அந்த நாளில் வழியனுப்பிவைத்துவிட்டு, நான் மலடி என்று மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள்? நீங்கள் யார் யாருக்கெல்லாம் இதைச் சொன்னீர்கள் அக்கா? அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் உங்கள்மேல் இல்லை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தங்கை
சாலோமி


களக்காடு
1912 ஜனவரி 12

அக்காள் அவர்களுக்குப் புது வருஷ வந்தனம். கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வாழ்த்து வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? அத்தான் சுகமா?

எலிசபெத்தின் பிள்ளை எலிசபெத்திடமே இருக்கிறான். மாமியார் இப்போது என்னைத் தண்ணீர்கூட எடுக்கவிடுவதில்லை. கோயிலில் சாட்சி சொல்லும்போது, "நாள் தவறாம நான் கணக்கு வச்சிருந்தேன், கர்த்தர் கனப்படுத்துனாரு" என்றார்கள். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டதால் சும்மா இருந்தேன்.

நான் எழுதினது உங்களுக்கு வருத்தமாகிவிட்டதோ? நான் வாயாடி என்று உங்களுக்குத் தெரியுமே. இரண்டு வரியாவது எழுதுங்கள்.

தங்கை
சாலோமி


ஞானாபரணபுரம்
1912 பெப்ருவரி 18

என் கண்ணான தங்கை சாலோமிக்கு அக்காள் ஆசீர்வதித்து எழுதுவது. உன் இரண்டு கடுதாசியும் கிடைத்தன. எனக்கு வியாதி ஒன்றும் இல்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

யார் யாருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டாய். முதலில் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் மிசியம்மாள் அந்தப் புஸ்தகத்தைப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தமிழில் எழுதினது வார்டுக்காக அல்ல, எனக்காக. நன்றாக எழுதியிருக்கிறாயே என்று பிறகுதான் சுவரில் மாட்டினார்கள். பதினாறு வருஷம் அதன்படி நடந்தேன். அத்தானுடைய புஸ்தக வண்டி பன்னிரண்டாம் நாள் காலையில் புறப்படும். நான்தான் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, ஆற்றுப்பாதை திரும்புகிறவரைக்கும் வாசலில் நிற்பேன். இரண்டு நாள், மூன்று நாள் கழித்து அடிவயிற்றில் ஒரு பக்கம் இழுக்கும். பிரசவ வார்டில் குனிந்து நிமிர்ந்த இழுப்பு என்று நினைத்துக்கொள்வேன். நூலும் கண்டிருக்கிறேன் சாலோமி. ஒவ்வொரு மாதமும் கண்டேன். துணியை அலசிப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன். நர்ஸாயிற்றே, எனக்குத் தெரியாததா!

உன் ஊசித்துளையைப் பற்றி நீ எழுதினபோதே எனக்கு நெஞ்சில் அடித்தது. அதனால்தான் அவ்வளவு கடுமையாக எழுதினேன். நீ சொல்வது நிஜம் என்றால் என் பதினாறு வருஷம் என்னாவது?

எனக்கு விலக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. உனக்குச் சொல்லவில்லை.

உன் கடுதாசியை மிசியம்மாள் மேசையில் வைத்தேன். வாசித்துச் சொன்னேன். "ஒரு பெண் சொல்வதற்காகப் புஸ்தகத்தை மாற்ற முடியாது, சாரம்மாள்" என்றார்கள். "இரண்டு பெண்" என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. என் கண்முன்னே அந்த அம்மாள் பேனாவை மையில் தொட்டு வேறு எதையோ எழுதத் தொடங்கினார்கள். அந்த மைக்கூட்டை எடுத்து அந்த வெள்ளைக் கவுனில் ஊற்றியிருக்க வேண்டும் சாலோமி! இருபது வருஷம் அவர்கள் சொன்னதை எல்லாம் சரி சரி என்று தலையாட்டின தலை, அன்றைக்கும் பழக்கத்தில் ஆடிவிட்டது. அதை நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

ஆனால் வெளியே வந்து, வார்டுச் சுவரிலிருந்த அந்தத் தாளை நானே கழற்றினேன். ஆபரேஷன் கத்திகளை வேகவைக்கிற அடுப்பில் போட்டேன். நல்ல அட்டை, எரிய நேரம் பிடித்தது. கேட்டால் கரையான் தின்றது என்று சொல்லமாட்டேன், நான்தான் எரித்தேன் என்று சொல்வேன். வேலையைவிட்டு அனுப்பினால் அனுப்பட்டும். நேற்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், ஐந்து வருஷமாகப் பிள்ளையில்லை. எத்தனையாம் நாள் நல்ல நாள் அம்மா என்று என்னைக் கேட்டாள். அவளைத் துணி காயப்போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போய், அவள் மாமியாருக்குக் கேட்காமல், நூலைப் பற்றிச் சொன்னேன். உன் கணக்கை நீயே வைத்துக்கொள், யாரிடமும் காட்டாதே என்றேன்.

அந்த ஊசித்துளைத் தாளைக் கிழித்து எனக்கு அனுப்பு. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினால்தான் இந்தப் பெண்கள் நம்புவார்கள். உன் பிள்ளையின் பேரை எழுத வேறு வேதாகமம் வாங்கித் தருகிறேன்.

அத்தானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நாள் எண்ண ஒன்றும் இல்லாமற்போன பிறகும், பழக்கத்தில், முன்போலவே பத்துப் பதினோரு நாள் வீட்டில் இருந்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இன்று காலையிலும் வண்டி கட்டினார்கள். கட்டுச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்று கேட்டார்கள்.

சோற்றை வண்டியில் வைத்தேன். வண்டி திரும்புகிறவரைக்கும் வாசலில் நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜூன் மாதம் நானே வருகிறேன். உன் பிள்ளையை வேறு யார் கையும் வாங்கக் கூடாது.

இப்படிக்கு
அக்காள்
சாரம்மாள்